ஊதச் சொல்வதற்கு முன்: மதுவும் வண்டி ஓட்டுவதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டுநர்களுக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான். மது பற்றிப் பேச்சு வந்தால் வகுப்பில் கை தூக்குபவர்கள் குறைவு. வகுப்பு முடிந்தபின் வாசலில் வந்து தனியாகக் கேட்பவர்கள்தான் அதிகம். அப்படி வாசலில் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்டவை ஒரே கேள்வியின் வெவ்வேறு வேடங்கள்: "எவ்வளவு வரை போகலாம்?"

சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறதே, அதுவரை குடித்துவிட்டு ஓட்டினால் ஆபத்து இல்லைதானே?

"இதைத் தாண்டினால் தண்டிப்பேன்" என்பதுதான் சட்டத்தின் பேச்சு. "இதற்குக் கீழே இருந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது" என்று எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை. 100 மில்லி இரத்தத்தில் 20 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும்போதே, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கும் திறன் குறையத் தொடங்குகிறது. வண்டி ஓட்டுவது என்பதே ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களைக் கவனிக்கும் வேலை.

அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும், அதே இடத்தை அதே போன்ற நேரத்தில் பத்திரமாகக் கடந்துபோன ஓட்டுநர்களையும் ஒப்பிட்டார்கள். குடிக்காதவரின் விபத்து வாய்ப்பை 1 என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிகிராமில் அது ஏறத்தாழ 1.4, 80இல் ஏறத்தாழ 2.7, 100இல் கிட்டத்தட்ட 5, 150இல் 20க்கும் மேல். படிப்படியாக ஏறுவதாகத் தெரியும் கோடு ஓரிடத்தில் சுவர்போல நிமிர்ந்துவிடுகிறது. அந்த இடம் தனக்கு எப்போது வந்தது என்று குடித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிவதில்லை.

50 மில்லிகிராம், 80 மில்லிகிராம் என்கிறீர்களே, அது எத்தனை கிளாஸ்?

கணக்குப் போடலாம். ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் 1932இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் நீதிமன்றங்களில் புழங்குகிறது. குடித்த ஆல்கஹாலின் எடையை, உடல் எடையையும் உடலில் நீர் பரவியிருக்கும் விகிதத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஆண்களுக்கு அந்த விகிதம் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55.

5 சதவீத பீர் ஒரு சிறு பாட்டில், 330 மில்லி. அதில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் 100 மில்லி இரத்தத்தில் சுமார் 28 மில்லிகிராம் வரை ஏறும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே பாட்டில் 45ஐத் தொடும். 650 மில்லி பெரிய பாட்டில் என்றால் அந்த ஆணுக்கே 55ஐத் தாண்டிவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்தக் கணக்கை வீட்டில் போட்டுவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். சாப்பிட்டிருந்தால் ஒரு கணக்கு, சாப்பிடாவிட்டால் ஒரு கணக்கு. களைப்பு, வயது, உடம்பில் கொழுப்பின் அளவு, எவ்வளவு வேகமாகக் குடித்தோம் என்று எல்லாமே எண்ணை மாற்றும். போதாக்குறைக்கு, ஊற்றிக் கொடுப்பவர் நண்பராக இருந்தால் எந்தக் கிளாஸும் அளவுக் கிளாஸாக இருப்பதில்லை.

நான் பீர் மட்டும்தான் குடிப்பேன். அதுவும் கணக்கில் வருமா?

வரும். மூளைக்குப் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் தெரியாது. சிறு பாட்டில் பீரில் 13 கிராம் என்றால், 30 மில்லி விஸ்கியில் சுமார் 10 கிராம். அதாவது "வெறும் பீர்" ஒரு சிறிய பெக்கைவிடக் கூடுதல்.

பல வருடமாகக் குடிக்கிறேன். எனக்குத் தலைக்கேறாது. தள்ளாடவும் மாட்டேன். பிறகென்ன?

வாசலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் உண்மையிலேயே தள்ளாடுவதில்லை. பழகிய உடம்பு போதையை வெளியே காட்டாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. பேச்சு குழறாது, நடை நேராக இருக்கும். ஆனால் திடீரென்று ஒன்று குறுக்கே வரும்போது தேவைப்படும் திறன் அப்படிப் பழகிக்கொள்வதில்லை. தினமும் போகும் தெருவில், தினமும் திரும்பும் திருப்பத்தில் அவர் தேர்ந்த ஓட்டுநராகத்தான் தெரிவார். எதிர்பாராதது நடக்கும் வரைக்கும்.

நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் ஒரு சிறு சோதனை செய்தோம். 30 சென்டிமீட்டர் அளவுகோலை ஒருவர் நுனியில் பிடித்துத் தொங்கவிடுவார். இன்னொருவர் கீழ்முனையில், பூஜ்ஜியத்துக்கு நேராக, இரண்டு விரலையும் தொடாமல் வைத்துக் காத்திருப்பார். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். எவ்வளவு தூரம் நழுவியது என்பதைப் பார்த்தால் எத்தனை நேரம் எடுத்தது என்று தெரிந்துவிடும். குடிப்பதற்கு முன் ஒரு நண்பர் 17 சென்டிமீட்டரில் பிடித்தார். நொடிக்கணக்கில் சுமார் 0.19. மூன்று பெக்குக்குப் பிறகு 26 சென்டிமீட்டர், அதாவது 0.23. இரண்டாவது முறை பிடித்ததும் அவர் கையை உயர்த்திக்காட்டி, "பார்த்தாயா, முன்னைவிட வேகம்!" என்றார். அளவுகோலை அவர் முகத்துக்கு நேரே காட்டியும் நம்பவில்லை. நான் முன்பே வேண்டுமென்று சீக்கிரம் விட்டதாகச் சண்டை பிடித்தார்.

கைவிரலில் இழந்த அந்த 0.04 நொடி பெரிய விஷயமில்லை. அளவுகோல் ஒன்றே ஒன்று, விழும் திசையும் ஒன்றுதான். மூளை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சாலையில் பிரேக்கா, திருப்புவதா, எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தாமதம் பெருகுவது அங்கேதான். என்னை யோசிக்க வைத்தது அவருடைய "முன்னைவிட வேகம்" என்ற வார்த்தை. மது முதலில் கை வைப்பது, நம்மை நாமே எடைபோடும் மூளையின் முன்பகுதியில். "நான் ஓட்டும் நிலையில் இருக்கிறேனா?" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதிதான் முதலில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அந்தக் கேள்வியைக் குடித்தபின் கேட்டுப் பயனில்லை. முதல் கிளாஸுக்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும்.

அப்படி உடம்பில் என்னதான் நடக்கிறது?

ஆல்கஹால் மிகச் சிறிய மூலக்கூறு. நீரிலும் கரையும், செல்களின் கொழுப்புச் சுவரையும் கடக்கும். வயிற்றில் கொஞ்சம், சிறுகுடலில் பெரும்பகுதி என உறிஞ்சப்பட்டுச் சில நிமிடங்களில் மூளையை எட்டுகிறது. அங்கே நரம்புகளை அமைதிப்படுத்தும் சமிக்ஞைகளைக் கூட்டிவிட்டு, விழிப்பாக வைத்திருக்கும் சமிக்ஞைகளை அமுக்குகிறது. முதலில் வரும் உற்சாகம்கூடத் தடைபோடும் பகுதி தளர்ந்ததால் வருவதுதான்.

அடுத்து பின்மூளையில் இருக்கும் சிறுமூளை. உடலின் சமநிலையும் அசைவுகளின் துல்லியமும் அதன் பொறுப்பு. இரு சக்கர வண்டிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: காரில் சமநிலையைச் சக்கரங்கள் பார்த்துக்கொள்கின்றன, பைக்கில் அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கண். குடித்தவரின் முகத்துக்கு முன் ஒரு பேனாவைப் பிடித்து, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். பேனா மெதுவாக ஓரத்துக்குப் போகும்போது, கருவிழி அதோடு வழுக்கிக்கொண்டு போகாமல் சின்னச் சின்னதாக வெட்டிவெட்டி நகரும். கண்ணாடியின் மேல் காய்ந்த வைப்பர் இழுபடுவதுபோல. அந்த வெட்டல் அவருக்கே தெரியாது; அடக்கவும் முடியாது. அமெரிக்கப் போலீசார் சாலையோரத்தில் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று. எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்க அந்தக் கண்களைத்தான் அவர் நம்பியிருக்கிறார்.

இதெல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும்? பார்வை நேரே ஒரு புள்ளியில் குத்திட்டுவிடுகிறது. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்ப்பது குறைகிறது. வேகம் ஏறுவது உறைப்பதில்லை. ஸ்டீயரிங்கைச் சிறுகச் சிறுகத் திருத்துவதற்குப் பதில், வண்டி ஒரு பக்கம் ஒதுங்கியபின் சட்டென்று இழுக்கிறார். பின்னால் வருபவர், "வண்டி பாம்பு மாதிரி போகிறதே" என்று ஹாரன் அடிக்கிறார். முன்னால் இருப்பவரோ, "எதற்கு இப்படி அடிக்கிறான்" என்று எரிச்சலோடு இன்னும் வேகமாக மிதிக்கிறார்.

கால் நொடி தாமதமானால் என்ன பெரிதாக ஆகிவிடும்?

மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கும். சாலையைக் கடக்கும் ஒருவரின் முன்னால் மயிரிழையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வண்டி, அதே சாலை, அதே பிரேக். ஓட்டுநர் மட்டும் கால் நொடி தாமதமாக மிதிக்கிறார். வண்டி 4 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடிவிடுகிறது. பார்த்தால் ஒரு காரின் நீளம்கூட இருக்காது. ஆனால் அந்த ஆள் நின்ற இடத்தைத் தொடும்போது வண்டி இன்னும் மணிக்கு சுமார் 27 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பிரேக் வேகத்தை அதிகம் குறைப்பது கடைசிச் சில மீட்டரில்தான். அந்த மீட்டர்களைத்தான் தாமதம் தின்றுவிட்டது.

காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீரில் குளியல், வாந்தி. எது போதையை இறக்கும்?

எதுவும் இறக்காது. உள்ளே போன ஆல்கஹாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல்லீரல்தான் சிதைக்க வேண்டும். அது யாருடைய அவசரத்துக்கும் வேகமெடுக்காது. சராசரியாக மணிக்கு 100 மில்லி இரத்தத்திலிருந்து 15 மில்லிகிராம். சிலருக்கு 10, சிலருக்கு 20. காபி தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். தூங்கி வழிந்த குடிகாரருக்குப் பதில் விழித்திருக்கும் குடிகாரர் கிடைப்பார். குளித்தால் ஈரமான குடிகாரர். வாந்தி எடுத்தால் வயிற்றில் இன்னும் உறிஞ்சப்படாதது மட்டும் வெளியே வரும். இரத்தத்தில் கலந்தது கலந்ததுதான்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஏறிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிடத் தெளிவாக இருப்பதாக நமக்குத் தோன்றும். இரத்தத்தில் இருக்கும் அளவு இரண்டு நேரத்திலும் ஒன்றாகவே இருந்தாலும் அப்படித்தான். "இப்போது தெளிந்துவிட்டது" என்று சாவியை எடுக்கும் நேரம் பெரும்பாலும் இதுதான்.

இரவு குடித்தேன், நன்றாகத் தூங்கினேன். காலையில் ஓட்டலாமா?

நள்ளிரவில் நிறுத்தியபோது 150 மில்லிகிராம் இருந்தது என்று கொள்வோம். கொண்டாட்ட இரவுகளில் இது அபூர்வமில்லை. மணிக்கு 15 வீதம் இறங்கினால் காலை 6 மணிக்கு 60. 8 மணிக்கு 30. பூஜ்ஜியத்தை எட்டும்போது மணி 10. பல் துலக்கி, குளித்து, அலுவலகத்துக்குக் கிளம்பும் மனிதர் தன்னைக் குடிபோதையில் வண்டி ஓட்டுபவராக ஒருநாளும் நினைக்க மாட்டார். இரவு முழுவதும் வண்டியைத் தொடாமல் யோக்கியமாக இருந்துவிட்டு, காலையில் ஊதி மாட்டிக்கொண்டவர்களின் திகைப்பு தனி ரகம்.

மேலும் மதுவோடு வரும் தூக்கம் அரைகுறைத் தூக்கம். தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிச்சப் போதையும் மிச்சத் தூக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

ஊதும் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம்பலாமா?

இரத்தம் நுரையீரலின் நுண்ணறைகளைச் சுற்றி ஓடும்போது அதிலுள்ள ஆல்கஹாலில் ஒரு சிறு பங்கு காற்றில் கலக்கிறது. அந்தப் பங்கு ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருக்கும்: 2,100 மில்லி மூச்சில் உள்ள ஆல்கஹால், 1 மில்லி இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்று பல நாடுகள் கொள்கின்றன. பிரிட்டன் 2,300 என்ற விகிதத்தில் சட்டம் எழுதியிருக்கிறது. ஊதும்போது போலீசார் "இன்னும், இன்னும், நிறுத்தாதே" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலில் வருவது வாயிலும் தொண்டையிலும் தங்கிய காற்று. அவர்களுக்கு வேண்டியது நுரையீரலின் அடியிலிருந்து கடைசியில் வருவது.

1930களில் அமெரிக்காவின் இந்தியானாவில் ரோலா ஹார்கர் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் உருவாக்கிய கருவியில் ஒரு பலூனை ஊத வேண்டும். அந்தக் காற்று ஊதா நிறக் கரைசலுக்குள் போய் நிறத்தை வெளுக்க வைக்கும். அதே மாநிலத்தில் போலீஸ் துறையிலிருந்த ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954இல் இதைவிடக் கையடக்கமான கருவியை அமைத்தார். அதில் ஆரஞ்சு நிறக் கரைசல் பச்சையாக மாறும் அளவை ஒளி மின்கலம் அளக்கும். இன்று சாலையில் நீட்டப்படும் கருவிகள் பலவற்றில் பிளாட்டினம் பூசிய எரிபொருள் மின்கலம் இருக்கிறது. ஆல்கஹால் அதில் பட்டு வேதிமாற்றம் அடையும்போது சிறு மின்சாரம் பிறக்கிறது. எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு ஆல்கஹால்.

ஒழுங்காக அளவு சரிபார்க்கப்பட்ட கருவியை நம்பலாம். சரிபார்க்கப்பட்டதா என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. முடிவில் சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனையைக் கோரலாமா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும். அதைத் தாமதிக்காமல் கேட்க வேண்டும். நேரம் போகப் போக எண் மாறிக்கொண்டே இருக்கும்.

வெங்காயம், புதினா மிட்டாய், மூச்சை அடக்குவது?

கருவி தேடுவது வாசனையை அல்ல. வெங்காயம் பக்கத்தில் நிற்பவரைத்தான் துரத்தும். மூச்சை அடக்கிக்கொண்டு பிறகு ஊதினால் எண் குறைவதற்குப் பதில் கூடும்.

இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும் மாட்டிவிடுமா?

சிலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. கொப்பளித்த உடனே ஊதினால் கருவி பயமுறுத்தும் எண்ணைக் காட்டலாம். அது வாயில் ஒட்டியிருப்பது. 15 நிமிடத்தில் போய்விடும். முறையான சோதனையில் அந்த 15 நிமிடக் காத்திருப்பு இதற்காகவே. அதிகக் கவலை வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்: சளி, அலர்ஜிக்கான சில மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் மதுவோடு சேர்ந்தால் ஒன்றின் மயக்கத்தை மற்றொன்று கூட்டிவிடும். ஊதும் கருவிக்கு மாத்திரை தெரியாது. எண் குறைவாகவே காட்டும், கண் சொக்கும்.

குடித்துவிட்டு ஓட்டுவது எப்போதிலிருந்து குற்றம்?

1897 செப்டம்பர் 10 அன்று லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற டாக்சி ஓட்டுநர் தன் வண்டியை ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் இடித்தார். குடித்திருந்ததை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். மோட்டார் வண்டி ஓட்டியதற்காக இப்படித் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் என்று அவரைச் சொல்கிறார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் வழக்குகள் தடுமாறின. கோட்டின் மேல் நடக்கச் சொல்வது, நாக்கு பிறழும் வாக்கியத்தைச் சொல்லச் சொல்வது, பிறகு "பார்வைக்கு நிதானமாகத்தான் இருந்தார்" என்று எதிர்த்தரப்பு வாதாடுவது.

1936இல் நார்வே அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரத்தத்தில் 0.05 சதவீதத்தை, அதாவது 50 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். எப்படி நடந்தார், எப்படிப் பேசினார் என்பது தேவையில்லை. பிரிட்டனில் 1967 அக்டோபரில் 80 மில்லிகிராம் வரம்பும் சாலையோர மூச்சுச் சோதனையும் நடைமுறைக்கு வந்தன. சட்டம் "போதையா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கியது. தள்ளாடாத குடிகாரர்களின் பொற்காலம் அத்தோடு முடிந்தது.

நாட்டுக்கு நாடு வரம்பு ஏன் மாறுகிறது?

உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மாறுவது அரசியல் துணிச்சல். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 30 மில்லிகிராம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். சிங்கப்பூரில் வரம்பு 80. மலேசியா 2020இல் 80இலிருந்து 50க்கு இறக்கியது. இங்கிலாந்து இன்னும் 80இல் நிற்கிறது. ஒரே தீவில் இருக்கும் ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 50க்குப் போய்விட்டது. எல்லையைக் காரில் கடந்தால் ஓட்டுநர் குற்றவாளி ஆகிவிடலாம். அமெரிக்காவில் பொதுவாக 80, யூட்டா மாநிலத்தில் மட்டும் 2018 இறுதியிலிருந்து 50. ஸ்வீடனில் 20. ஹங்கேரியிலும் செக் குடியரசிலும் பூஜ்ஜியம்.

பல நாடுகளில் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும், பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்பவர்களுக்கும் தனியாக, இன்னும் கடுமையான வரம்பு உண்டு. ஜெர்மனியில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கும் தகுதிகாண் காலத்தில் இருக்கும் புதிய ஓட்டுநர்களுக்கும் ஒரு சொட்டும் கூடாது.

ஊத மாட்டேன் என்று சொல்லலாமா?

சொல்லலாம், விலை அதிகம். பிரிட்டனில் தக்க காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம். அமெரிக்க மாநிலங்களில் உரிமம் வாங்கும்போதே சோதனைக்குச் சம்மதித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மறுத்தால் உரிமத்தை நிறுத்திவைக்க முடியும். இந்தியச் சட்டத்திலும் மறுப்பை, உங்களுக்கு எதிரான அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்ப்பதாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

வண்டி ஓடவே இல்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன். அதுவுமா குற்றம்?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் ஓட்டாவிட்டாலும் வண்டி உங்கள் பொறுப்பில் இருந்தாலே வழக்கு வரலாம். ஓட்டும் எண்ணமோ வாய்ப்போ இல்லை என்று நிரூபித்தால் தப்பலாம். இந்தியச் சட்டம் ஓட்டுவதோடு ஓட்ட முயல்வதையும் சேர்த்துக்கொள்கிறது. தூங்கத்தான் வேண்டும் என்றால் பின் இருக்கையில் தூங்குங்கள். சாவி எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குபவர், "தூங்கத்தான் செய்தேன்" என்று நீதிபதியை நம்பவைப்பது சிரமம்.

காப்பீடு இருக்கிறதே?

வரம்புக்கு மேல் குடித்து ஓட்டியதாகத் தெரிந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் தர மறுக்கும் நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. எதிரில் அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்தாலும், அந்தத் தொகையைப் பிறகு உங்களிடம் வசூலிக்கப் பல நாடுகளில் இடம் உண்டு. பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை இன்றைக்கே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சைக்கிளில் போனால்?

பல நாடுகளில் அதற்கும் சட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் சைக்கிள்காரருக்கு 0.16 சதவீதத்தில், அதாவது 160 மில்லிகிராமில் குற்ற வழக்கு. ஜப்பான் 2024 நவம்பரிலிருந்து சைக்கிள் ஓட்டுபவரையும் மூச்சுச் சோதனை வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. நடந்து போவதும் பூரணப் பாதுகாப்பில்லை. யாராவது கூட வரட்டும்.

தண்டனையைக் கூட்டினால் குறைந்துவிடாதா?

தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, மாட்டுவோமா மாட்டோமா என்பதைத்தான் மனிதர்கள் எடைபோடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. சாலை மரணங்கள் வெளிப்படையாகக் குறைந்தன. எந்தத் தெருவில், எந்த நேரத்தில் என்று தெரியாததுதான் அதன் பலம். சோதனைச் சாவடி எப்போதும் ஒரே பாலத்தடியில் நின்றால், சுற்றுவழி தெரிந்தவர்கள் சுற்றிப் போய்விடுவார்கள்.

இன்னொரு கருவியையும் சொல்ல வேண்டும். ஊதி, ஆல்கஹால் இல்லை என்று தெரிந்தால் மட்டுமே இன்ஜினைக் கிளப்பவிடும் பூட்டு. ஏற்கெனவே பிடிபட்டவர்களின் வண்டியில் அதைப் பொருத்தும் நாடுகள் இருக்கின்றன. பூட்டு இருக்கும் வரை மறுபடி பிடிபடுவது வெகுவாகக் குறைகிறது. கழற்றிய பிறகு பழைய கதை பெரும்பாலும் திரும்பி வருகிறது. குடிப்பழக்கத்துக்கு மருத்துவம் பார்க்காமல் வண்டிக்கு மட்டும் பூட்டுப் போட்டால் அப்படித்தான்.

நண்பர் குடித்துவிட்டுச் சாவியைத் தேடுகிறார். நான் என்ன செய்வது?

முதலில், அந்த வண்டியில் ஏறாதீர்கள். ஜப்பானில் 2006இல் ஃபுகுவோகாவில் குடித்து ஓட்டியவர் மோதி ஒரே குடும்பத்தின் மூன்று குழந்தைகள் இறந்தபின், சட்டம் 2007இல் மாற்றப்பட்டது. ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்தவர், வண்டியைக் கொடுத்தவர், தெரிந்தே கூடவே ஏறிப் பயணித்தவர் என எல்லோருக்கும் அங்கே தண்டனை உண்டு. கடுமை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

வாதாடாதீர்கள். நீதிபதி குடித்திருக்கிறார் என்று மேலே சொன்னேன். அவரிடம் வாதம் எடுபடாது. "நீ குடித்திருக்கிறாய்" என்று தொடங்கினால் "இல்லை" என்றுதான் முடியும். "எனக்கும் அந்தப் பக்கம் போக வேண்டும், வா, டாக்சி பிடிக்கலாம்" என்றால் பெரும்பாலும் வந்துவிடுவார். வரவில்லையென்றால் சாவி எங்காவது காணாமல் போகலாம். மறுநாள் திட்டுவார், திட்டட்டும்.

ஆனால் இதெல்லாம் தாமதமான வைத்தியம். கேட்க வேண்டிய நேரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. எங்கள் கூட்டத்தில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறோம். குடிக்கப்போகிறவர் சாவியை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும், திரும்பிப்போக யார் ஏற்பாடு என்பதும் அப்போதே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் கேட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே போடுகிறார்கள். அளவுகோல் நண்பர்தான் இப்போது முதல் ஆளாகப் போடுகிறார். "ஸ்கேலை மட்டும் வெளியே எடுக்காதே" என்பது அவருடைய ஒரே நிபந்தனை.